தோல் போன தூரம்

மாடு செத்துப்போனால் சேதி முதலில் சேரிக்குத்தான் போகும். பண்ணை வீட்டு உழவு மாடாக இருந்தாலும் சரி, சினை பிடிக்காமல் கிடந்த கிழட்டுப் பசுவாக இருந்தாலும் சரி, தொழுவத்தில் விழுந்த உடலைத் தொட்டுத் தூக்க ஊருக்குள்ளிருந்து யாரும் வர மாட்டார்கள். அதற்கென்று உள்ளவர்கள் வருவார்கள். காலைக் கட்டி, மூங்கிலில் கோத்து, ஊர்க்கோடிக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே கத்தி இறங்கியதும் மாடு மறைந்து ஒரு சரக்கு பிறக்கும். தோல் வியாபாரிகள் அதைப் பச்சைத் தோல் என்பார்கள். உயிரோடு இருந்தவரை தொழுவம், வயல், சந்தை என்ற வட்டத்தைத் தாண்டாத மாட்டின் தோல், செத்த பிறகு கடல் கடந்து போயிருக்கிறது.

அந்தத் தோலின் பின்னால் போய்ப் பார்க்க ஒரு காரணம் உண்டு. மார்வின் ஹாரிஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இந்திய மாட்டை வைத்துத் தன் கோட்பாட்டுக்குப் பேர் வாங்கினார். பண்பாட்டுப் பொருள்முதல்வாதம் என்று அதைச் சொல்கிறோம். பசுவைக் கும்பிடுவது மூடத்தனம் இல்லை, அதற்கு வயிற்றோடும் வயலோடும் சம்பந்தப்பட்ட கணக்கு இருக்கிறது என்றார். அவர் கணக்கில் பாலுக்கு இடம் உண்டு, ஏருக்கு உண்டு, சாணிக்கு நிறைய உண்டு. தோலுக்கு ஓரிரு வரிதான். அந்த வரிகளை இழுத்து நீட்டிப் பார்த்தால் கணக்கு எதுவரை சரியாக வருகிறது, எங்கே உதைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

தோலின் முதல் பயணம் குறுகியது, ஊர்க்கோடியிலிருந்து கிணற்றடி வரை. பம்புசெட் வருவதற்கு முன் தமிழ்நாட்டுக் கிணற்றுப் பாசனத்தில் கமலைக்குப் பெரிய பங்கு இருந்தது. கொங்குப் பக்கம் கவலை என்பார்கள். சரிவில் இரண்டு மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு இறங்க, சால் மேலே ஏறும். சாலின் அடியில் பொருத்திய தோல் குழாய் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். சாலை இரும்பில் அடித்த காலத்திலும் அந்த அடிக்குழாய் தோலாகத்தான் இருந்தது. வளைய வேண்டும், மடங்க வேண்டும், கிழியக் கூடாது. வேறு எந்தப் பொருளுக்கும் அன்று அது முடியவில்லை. நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடப்பதால் தோல் சீக்கிரம் அழுகும், ஓயாமல் தைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் விவசாயிக்குத் தோல் வேலை செய்பவர் இல்லாமல் முடியாது. செருப்பு, சாட்டை வார், கமலைத் தோல் எல்லாம் வருஷம் முழுக்க அவர் தர வேண்டும், கூலி அறுப்புக் களத்தில் தானியமாக வரும். செத்த மாட்டின் தோலைக் கொண்டு உயிருள்ள மாடுகள் தண்ணீர் இறைத்தன. அந்தத் தண்ணீரில் விளைந்த வைக்கோலைத்தான் அவை தின்றன.

இப்படி ஒன்று இன்னொன்றில் போய்ச் செருகிக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான் ஹாரிஸ் தேடினார். புரூக்ளினில் 1927இல் பிறந்தவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே ஆசிரியரானார். பிரேசிலிலும் போர்ச்சுகீசிய மொசாம்பிக்கிலும் களப்பணி செய்தார். 1966இல் ‘கரண்ட் ஆந்த்ரோபாலஜி’ இதழில் இந்தியாவின் புனித மாடுகள் பற்றிய கட்டுரையை எழுதியபோது அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தான் ஒரு புனிதப் பசுவைக் கண்ணால் பார்த்ததில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டார். நம் ஊர் ஆள் யாராவது நியூயார்க் சுரங்க ரயிலைப் பற்றி இப்படி எழுதியிருந்தால் அச்சேறியிருக்குமா என்பது வேறு விஷயம்.

அவர் எதிர்த்து எழுதியது யாரை என்று பார்த்தால் அந்தத் துணிச்சல் புரியும். 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் வந்த நிபுணர் குழு அறிக்கை, கிடைக்கும் தீவனத்தோடு ஒப்பிட்டால் இந்திய மாடுகளில் பாதி வரை உபரி என்று சொல்லியிருந்தது. இந்து மதம் பசுவைக் கொல்லவிடாமல் தடுப்பதால் உதவாத மாடுகள் பெருகி, மனிதர் வாயில் விழ வேண்டியதைத் தின்கின்றன என்பது அன்று மேற்கிலும் டெல்லியிலும் பரவலாக இருந்த எண்ணம். ஹாரிஸ் அதைத் தலைகீழாகப் புரட்டினார். இந்தியாவில் 6 கோடி பண்ணைகள், உழவுக்கு 8 கோடி மாடுகள்தான்; பண்ணைக்கு ஒரு ஜோடி என்றால் 12 கோடி வேண்டும். அப்படியானால் உபரி எங்கே, பற்றாக்குறைதானே என்று கேட்டார். காளையை ஈன்று தருவது பசு. எலும்பு தெரிய நிற்கும் பசுவும் ஒரு காளைக் கன்றைப் போட்டுவிட்டால் ஏழை விவசாயி நிலத்தை இழக்காமல் தப்பிப்பான். வருஷத்துக்கு 70 கோடி டன் சாணி சேகரிக்கக் கிடைக்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி எருவாகிறது, மீதியில் பெரும்பகுதி அடுப்பில் எரிகிறது. அந்த வறட்டியின் சூடு 2.7 கோடி டன் மண்ணெண்ணெய்க்குச் சமம். மாடு தின்பதோ மனிதனுக்கு ஆகாத வைக்கோலும் தவிடும் வரப்புப் புல்லும். மேற்கு வங்கத்துச் சிங்கூரில் ஸ்டூவர்ட் ஓடெண்டால் மாடுகளின் தீனியையும் உழைப்பையும் அளந்து 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தக் கணக்கில் இந்திய மாட்டின் ஆற்றல் திறன் நூற்றுக்கு 17, அமெரிக்க இறைச்சி மாட்டுக்கு 4 கூட இல்லை. ஹாரிஸ் இதைத் தன் நூல்களில் மகிழ்ச்சியோடு எடுத்தாண்டார்.

இந்த மாட்டுக் கணக்கின் பின்னால் ஒரு பெரிய வரைபடம் இருக்கிறது. 1968இல் எழுதிய மானிடவியல் கோட்பாட்டு வரலாற்றில் அதற்குப் பெயர் வைத்தார், 1979இல் தனி நூலாக விரித்தார். எந்தச் சமூகத்துக்கும் கீழே ஓர் அடித்தளம் உண்டு: சோறு எப்படி விளைகிறது, எரிபொருள் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் எத்தனை பிறக்கின்றன, எத்தனை பிழைக்கின்றன. அதற்கு மேல் குடும்பம், சாதி, அரசு என்கிற கட்டமைப்பு. எல்லாவற்றுக்கும் மேல் சாமி, சடங்கு, கலை, நம்பிக்கை. காலப்போக்கில், பெரும்பாலும், கீழே இருப்பதுதான் மேலே இருப்பதை இழுத்துச் செல்லும். மார்க்ஸை ஞாபகப்படுத்தும் ஏற்பாடு, அவருக்குக் கடன்பட்டதும்கூட. ஆனால் உற்பத்திக்குச் சமமாக மக்கள்தொகைப் பெருக்கத்தையும் ஹாரிஸ் அடியில் வைத்தார், இயங்கியலை வெளியே தள்ளினார். மார்க்சியர்களும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, மற்றவர்களும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. சண்டை போடுவதில் அவருக்கு ருசி இருந்தது.

கட்டுரை வெளியான அதே 1966ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, பசுவதைத் தடைச் சட்டம் கேட்டு டெல்லியில் பெருங்கூட்டம் நாடாளுமன்றத்தை முற்றுகையிட வந்தது. கலவரம், துப்பாக்கிச் சூடு, சாவு. காங்கிரஸ் தலைவராக இருந்த காமராசரின் டெல்லி வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவர் தப்பியது பெரும்பாடு. உள்துறை அமைச்சர் நந்தா பதவி விலகினார். அடித்தளம் மேல்தளத்தை இழுக்கிறது என்று ஒருவர் நியூயார்க்கில் நிறுவிய ஆண்டில், மேல்தளம் தெருவில் இறங்கித் தீவட்டி பிடித்தது.

தோலுக்குத் திரும்புவோம். கிணற்றடிக்குப் போகாத தோல் உப்புத் தடவி மடிக்கப்பட்டு வண்டியேறும். திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊர்களில் தோல் பதனிடுவது ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. முதலாளிகளில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதிகம். குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, மயிரையும் ஒட்டியிருக்கும் சதையையும் வழித்தெடுத்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றி மூழ்கவைப்பார்கள். ஆவாரையால் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதைத் தடுக்க முடிவில் கடுக்காய்ச் சாறு. பிறகு எண்ணெய் தடவி, நீவி, உலர்த்தி, கட்டு. சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் செடியின் பட்டைக்கு இவ்வளவு பெரிய வேலை.

இந்திய மாடு சின்னது, தோலும் மெல்லியது. அதனாலேயே அது பூட்ஸின் மேல்பாகத்துக்குப் பொருந்தியது. கிழக்கிந்தியக் கிப் என்று பெயர் பெற்று லண்டன் ஏலத்துக்குப் போனது. கல்கத்தா பெரும்பாலும் பச்சைத் தோலை அனுப்பியது, முதல் உலகப்போர் வரை அது ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போனது. சென்னையின் சரக்கு பதனிட்ட தோல். போர் வந்ததும் ஜெர்மன் வாசல் அடைபட்டது, பிரிட்டிஷ் இராணுவத்துக்குப் பூட்ஸ் வேண்டியிருந்தது. அரசே சென்னைத் தோலைக் கைப்பற்றி வாங்க ஆரம்பித்தது. போர் முடிந்து 1919இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 15 வரி போட்டார்கள். பிரிட்டிஷ் பேரரசுக்குள் போனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. சேரி ஆள் உரித்த தோலுக்கு லண்டன் ராணுவ அலுவலகத்தில் கோப்பு இருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

தோலின் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாதுவருஷப் பஞ்சத்தில் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன, தோல் ஏற்றுமதி எகிறியது. துறைமுகத்துக் கணக்குப்பிள்ளைக்கு அது நல்ல ஆண்டு. ஹாரிஸின் மிக வலுவான வாதத்துக்கு இந்தப் பஞ்சத் தோலைத்தான் நான் சாட்சியாகக் கூப்பிடுவேன். மழை பொய்க்கும் வருஷத்தில் பசித்த விவசாயி தன் மாட்டை வெட்டித் தின்றுவிட்டால் அந்த மாதம் பிழைப்பான். அடுத்த மழைக்கு ஏர் பூட்ட மாடு இருக்காது, நிலம் போய்விடும். ஆகவே பசியின் உச்சத்திலும் கை வைக்கவிடாத ஒரு தடை வேண்டியிருந்தது; அதைத்தான் புனிதம் என்கிறோம் என்றார் அவர். பஞ்சத்தில் மாட்டை இழந்து, மழை வந்த பிறகும் எழ முடியாமல்போன குடும்பங்களின் கதையை நம் கிராமங்களில் தலைமுறை தாண்டியும் கேட்கலாம். இந்த இடத்தில் ஹாரிஸ் சொல்வதை மறுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தியப் பொருளாதார நிபுணர்கள் அவ்வளவு எளிதில் மடங்கவில்லை. புனேயிலிருந்து வி.எம். தாண்டேகர் 1969இல் சாணி மாதிரிகள் என்று கேலியாகத் தலைப்பிட்டே எழுதினார். இருப்பதெல்லாம் ஏதோ ஒரு பயனுக்காகத்தான் இருக்கிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் எதையும் நிரூபிக்கலாம் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். ஆலன் ஹெஸ்டன் என்ற அமெரிக்கர் 1971இல், 3 கோடி பசுக்கள் தேவைக்கு அதிகம் என்று கணக்குப் போட்டார். திருவனந்தபுரத்தில் கே.என். ராஜ் வேறு பக்கமாகப் போனார். மாநிலவாரியாகப் பசுவுக்கும் காளைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தார். கொல்லாமை எல்லாருக்கும் பொதுவான விதி என்றால் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். இல்லை. உழவுக்குக் காளை அதிகம் வேண்டிய உத்தரப் பிரதேசத்தில் 100 பசுவுக்கு 200க்கு மேல் காளை. சின்னச் சின்ன நெல்வயல்களும் பாலுக்கு நல்ல விலையும் உள்ள கேரளத்தில் நிலைமை நேர் எதிர்.

இதற்குப் பிறகுதான் ஹாரிஸ் கேரளத்துக்கு வந்தார். ஏ. வைத்தியநாதனோடும் கே.என். நாயரோடும் சேர்ந்து எழுதிய மாட்டு விகிதக் கட்டுரை 1982இல் வந்தது. வைத்தியநாதன் பின்னாளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய அதே பொருளாதாரப் பேராசிரியர்தான். திருவனந்தபுரம் வட்டாரத்து விவசாயிகளிடம் ஹாரிஸ் கேட்டபோது, கன்றைக் கொல்வதா, பாவமில்லையா என்றே எல்லாரும் சொன்னார்கள். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட கன்றுகளை எண்ணினால் 100 கிடாரிக்கு 67 காளைக்கன்றுதான் உயிரோடு இருந்தது. யாரும் கொல்லவில்லை, காளைக்கன்றை மடியிலிருந்து கொஞ்சம் முன்னதாக விலக்கினார்கள், அவ்வளவே. வேறு இடங்களில் கன்றின் கழுத்தில் முக்கோணக் கட்டை தொங்கவிடுவதும் உண்டு; அது மடியில் குத்தும், தாயே உதைத்துத் தள்ளிவிடும். மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வது ஒன்று, வெளியே நின்று எண்ணுபவன் காண்பது வேறொன்று. இரண்டையும் தனித்தனி ஏட்டில் எழுது என்பது ஹாரிஸின் விடாப்பிடியான பாடம்.

நம் ஊரில் அந்த இரண்டு ஏடுகளும் ஒரே பொருளில் தைத்துக் கிடக்கின்றன. அதுவும் தோல்தான். கன்று செத்துவிட்டால் பசு பால் சுரக்காது. பால்காரர் செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து, நாலு குச்சியைக் காலாக்கி, பசுவின் முன் நிறுத்துவார். பசு அந்த வைக்கோல் கன்றை நக்கும், மடி இறங்கும். சென்னைத் தெருக்களில் பால் கறவை நடந்த காலத்தில், வைக்கோல் கன்றை இடுக்கிக்கொண்டு பசுவை வீடு வீடாக ஓட்டிப் போனவர்களைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கன்று எப்படிச் செத்தது என்று எந்த வீட்டு அம்மாளும் கேட்டிருக்க மாட்டார். அதே பால் பூஜையறைக்கும் போனது. கிழட்டு மாட்டுக்கும் இப்படித்தான். கறவை நின்றதும் வீட்டில் வைத்துக் கொல்ல மாட்டார்கள், தரகரிடம் கொடுப்பார்கள். பொள்ளாச்சிச் சந்தையில் கைமாறி அடிமாடாகக் கேரளத்துக்கு லாரி ஏறும். விற்றவருக்குப் பாவம் ஒட்டாது.

இதுவரை தோல் ஹாரிஸ் பக்கம்தான் பேசுகிறது. கணக்கு உதைப்பது ஊர்க்கோடியில், அந்த முதல் கத்தி வீச்சில்.

செத்த மாடு வீணாவதில்லை என்பதும் ஹாரிஸின் பட்டியலில் ஒரு வரி. தீண்டத்தகாதவர்கள் அதை எடுத்துப் போகிறார்கள், கறியைத் தின்கிறார்கள், தோலை விற்கிறார்கள்; இந்தியாவின் பெரிய தோல் தொழிலே அப்படித்தான் நடக்கிறது; ஆக, சமூகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் புரதமும் தோலும் நஷ்டமாகவில்லை. இந்த வரியை வாசிக்கும்போது எனக்கு அம்பேத்கரின் ஒரு பேச்சு ஞாபகம் வரும். ஹாரிஸ் எழுதுவதற்குப் பத்து வருஷம் முன்பு, 1956 அக்டோபரில், நாக்பூரில் பௌத்தம் தழுவிய மறுநாள் பேசியது. தன் சாதியினரான மகர்கள் செத்த மாடு எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று அவர் இயக்கம் நடத்தியபோது, ‘கேசரி’ பத்திரிகையில் ஒருவர் கணக்குப் போட்டு எழுதினாராம்: தோல், கொம்பு, எலும்பு, இறைச்சி என்று வருஷத்துக்கு 500 ரூபாய் வரும்படியை இந்த மக்கள் இழக்கிறார்களே என்று. அவ்வளவு லாபம் என்றால் நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள், மேலே 500 ரூபாய் நானும் தருகிறேன் என்பது அம்பேத்கர் சொன்ன பதில்.

ஹாரிஸின் கணக்கில் சரியான கூட்டல் இருக்கிறது, பேரேடு மட்டும் யாருடையது என்று தெரியாது. சமூகத்துக்கு லாபம் என்றால் யாருக்கு? தோலால் கமலை ஓடிற்று, களத்தில் நெல் குவிந்தது; உரித்தவருக்கு வந்தது படிக்கணக்கில் தானியமும், கிட்டே வராதே என்ற சொல்லும். அந்த வேலையை வேறு யாரும் செய்யாமலும், அவர் வேறு வேலைக்குப் போகாமலும் பார்த்துக்கொண்டது எது? வைக்கோலும் சாணியும் இல்லை. அது சாதி. ஹாரிஸின் வரைபடத்தில் சாதி நடுத்தட்டில் இருக்கிறது, கீழே இருந்து மேலே போகும் வழியில் ஒரு படிக்கட்டு மாதிரி. தோலின் பாதையில் நடந்து பார்த்தால் அது படிக்கட்டாகத் தெரியவில்லை, வாசலாகத் தெரிகிறது. அந்த வாசல் வழியாகத்தான் எல்லாச் சரக்கும் போயாக வேண்டும். அம்பேத்கர் 1948இல் எழுதிய தீண்டத்தகாதோர் பற்றிய நூலில் மாட்டின் புனிதத்துக்குத் தந்த விளக்கம் முற்றிலும் வேறு. பௌத்தத்தோடு நடந்த போட்டியில் பிராமணர்கள் மாட்டிறைச்சியைக் கைவிட்டார்கள், தின்பதைத் தொடர்ந்தவர்கள் விலக்கப்பட்டார்கள் என்பது அவர் துணிபு. வரலாற்றாசிரியர்கள் அதோடு மல்லுக்கட்டலாம். யார் கீழே தள்ளப்பட்டார் என்ற கேள்வியிலிருந்து அவர் தொடங்குகிறார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பதனிடும் குழிகளில் நின்றவர்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள மானிடவியலைவிட நமக்கு ஒரு நாவல் அதிகம் உதவும். டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களை வைத்து எழுதிய ‘தோல்’, 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. சுண்ணாம்பு தின்ற கைகளும் சங்கம் கட்டிய போராட்டமும் அதில் இருக்கின்றன. ஆற்றல் திறன் கணக்கில் அவற்றுக்குக் கட்டம் கிடையாது.

மிருதங்கத்துக்கும் இதே தோல்தான். மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், இழுத்துக் கட்ட எருமைத் தோல் வார். அதற்கேற்ற தோல் அறுத்த மாட்டிலிருந்துதான் கிடைக்கும் என்பது செய்பவர்களுக்குத் தெரியும், வாசிப்பவர்களுக்கும் தெரியும். கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி 2020இல் ஆங்கிலத்தில் எழுதினார். அந்த நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. சொல்லாமல் இருக்கும்வரை ஒன்றும் இல்லை, அச்சில் வந்தால்தான் சங்கடம்.

கமலை போன கதை சுவாரசியமானது. 1903 வாக்கில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியியல் பேராசிரியர் குரோமியம் உப்பால் தோல் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். அவர் மனதில் இருந்த உபயோகங்களில் முக்கியமானது கமலைத் தோல். குரோம் தோல் தண்ணீரில் நெடுநாள் தாங்கும். அந்த முறை வேரூன்றி, சென்னைக்குத் தெற்கே ஒரு குரோம் தோல் ஆலை வந்து, அதன் பெயரில் குரோம்பேட்டை என்று ஊரே உருவாயிற்று. கமலைக்கு ஆயுள் கூட்ட வந்த குரோமியம் நிலைத்தது. கமலை மின்சார மோட்டாரிடம் தோற்றது. பட்டையில் வாரக்கணக்கில் ஆன வேலை குரோமியத்தில் ஓரிரு நாளில் முடிந்ததால் தொழில் பல மடங்கு பெருத்தது. அடையாற்றில் 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. கழிவு பாலாற்றில் இறங்கியது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியபோது வட ஆற்காடு முதலான மாவட்டங்களில் ஏறத்தாழ 900 தோல் ஆலைகள் இருந்தன. 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போயிருந்தது. ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், கெடுத்தவரே செலவைத் தர வேண்டும் என்ற கொள்கை, எல்லாம் அந்தத் தீர்ப்பில் உண்டு. ஒரு காலத்தில் கிணற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் ஏற்றிய தோல், அதே கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் செய்துவிட்டது.

மோட்டார், டிராக்டர், யூரியா, கேஸ் அடுப்பு. ஹாரிஸ் பட்டியலிட்ட மாட்டின் வேலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. உழவு மாடு பல ஊர்களில் அருங்காட்சிப் பொருளாகிவிட்டது. கோட்பாடு சரியென்றால், அடித்தளம் இவ்வளவு நகர்ந்த பிறகு மேலே புனிதம் தளர்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அரசமைப்புச் சட்டத்தின் 48ஆம் பிரிவு பசுவதைத் தடையை மத வார்த்தை எதுவுமில்லாமல், வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் நவீனமாக்கும் கடமையின் கீழ்தான் வைத்திருக்கிறது. ஹாரிஸே எழுதிக் கொடுத்தது போல இருக்கும். 1958இல் உச்ச நீதிமன்றம் உழைக்க முடியாத காளைகளை அறுக்கலாம் என்றது. 2005இல் ஏழு நீதிபதிகள் அமர்வு குஜராத் வழக்கில் அதைத் திருப்பிவிட்டது. எருதுக்கு வயதானாலும் சாணி போடுகிறதே என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. சாணியின் மதிப்பு கோகினூர் வைரத்தையும் மிஞ்சும் என்ற வாசகம்கூட அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. ஏழை விவசாயியின் தரப்பை விளங்கவைக்க ஒருவர் போட்ட மாதிரியான சாணிக் கணக்கு, அந்த விவசாயி கிழ எருதை விற்க முடியாதபடி செய்யும் சட்டத்துக்கு முட்டுக்கொடுத்தது. ஹாரிஸ் 2001இல் ஃப்ளோரிடாவில் இறந்துவிட்டார். இதைப் பார்த்திருந்தால் தன் வழக்கப்படி சண்டைக்கு வந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

2015இல் மகாராஷ்டிரம் காளையையும் எருதையும் தடைக்குள் கொண்டுவந்தது. 2017 மே மாதம் சந்தைகளில் அறுப்புக்காக மாடு விற்பதையே மத்திய அரசு விதியால் நிறுத்தப் பார்த்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முதலில் தடை விதித்தது, பிறகு உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. இவற்றுக்கு நடுவே, 2016 ஜூலை 11ஆம் தேதி, குஜராத் ஊனா அருகே செத்த பசுவின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்களைப் பசுக் காவலர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் கட்டிவைத்து அடித்தார்கள், அதைப் படம் பிடித்துப் பரப்பவும் செய்தார்கள். பதில் சில நாளில் வந்தது. சுரேந்திரநகரில் ஆட்சியர் அலுவலகத்தின் முன் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். இனி எடுக்க மாட்டோம் என்று பல ஊர்களில் உறுதி எடுத்தார்கள். மாடுகள் எடுக்க ஆளில்லாமல் கிடந்தன. அறுபது ஆண்டுக்கு முன் 500 ரூபாய்க் கணக்குக்கு நாக்பூரில் கிடைத்த பதில்தான் இது. இந்த முறை மாட்டோடு சேர்த்து வந்தது.

தோல் தொழில் அதற்காகக் காத்திருக்கவில்லை. இங்கே கிடைக்கும் தோல் போதாதபோது, பாதி பதனிட்டு நீலநிறத்தில் ஈரமாக இருக்கும் வெட் ப்ளூ தோல் வெளிநாடுகளிலிருந்து கண்டெய்னரில் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது. லண்டனுக்குத் தோல் அனுப்பிய வேலூர்ப் பக்கத்து ஊர்களுக்கு அது லாரியில் போகிறது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வரிசையாக உட்கார்ந்து மேல்தோல் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தைத்து முடித்த ஜோடிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன.